பாதி முறுக்கு

ஆவணி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை காலை, சிறுவாச்சூரில் திருச்சி பஸ் வந்து நின்றபோது, பாப்பாயி திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். திங்கட்கிழமை என்பதால் காளி கோயிலுக்கு வந்த கூட்டம் நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டத்தைத் தோளால் விலக்கி, பாப்பாயியின் அரிசிப் பையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளியவள் செங்கமலம். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பாப்பாயி ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை. பதினேழு வருடம் ஒரே வெங்காயப் பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இருவரும்.

“மனசுல ஒன்ன வச்சுக்கிட்டுப் போவாதக்கா,” என்றாள் செங்கமலம்.

“ஒரு பொட்டலம் பிரியாணிக்கு வாய வித்தவகிட்ட எனக்கு என்னா பேச்சு?”

பஸ் கிளம்பிவிட்டது. பாப்பாயி போவது திருப்பூருக்கு. அங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனோடு தங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். இனி எப்போது வருவாள் என்பது அவளுக்கே தெரியாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு சினிமா.

செங்கமலத்துக்கு நாற்பத்தாறு வயது. சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்து, அழுகலைப் பொறுக்கிவிட்டு, நல்லதைப் பட்டறையில் சேர்ப்பது வேலை. அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் விடிவதற்குள் வந்து தன் பங்கை முடித்துவிட்டு, மதியம் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் புதுப்படம் பார்ப்பாள். சினிமாப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. எந்த நடிகருக்கும் அவள் விசிறி இல்லை. பிடிக்காத படத்தில் பாதியில் எழுந்து வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவள்தான்.

சனிக்கிழமை காலை பட்டறையில் தீர்ப்பு வரும்.

“முப்பது பேர அடிக்கிறான். ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்குப் போவல. அவனுவ பொண்டாட்டிமாருக்கு யாரு தகவல் சொன்னா?”

“காரு தொரத்திட்டுப் போவையில தக்காளி வண்டி கவுந்துச்சு. காரு போயிடுச்சு, படமும் பின்னாடியே போயிடுச்சு. அந்தத் தக்காளிக்காரி என்னா ஆனா? எனக்கு அதுலருந்து கத ஓடல.”

“அம்மாக்காரி மொதக் காட்சியிலயே இருமுறா. இடைவேளைக்குள்ள காரியம்தான். நான் வெளிய வந்துட்டேன்.”

எல்லாவற்றுக்கும் மேலாக அவள் கண் போவது சாப்பாட்டுத் தட்டின்மேல். சினிமாவில் யாரும் முழுசாகச் சாப்பிடுவதில்லை, கையை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்பது அவளுடைய பழைய கோபம். அப்படிப் பார்த்துப் பார்த்தே இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தாள். “அவ பேசுறப்ப தட்டுல சோறு பாதி இருக்கு. இவன் பேசுறப்ப முழுசா இருக்கு. மறுபடி அவ பேசுறா, பாதி. தனித்தனியா எடுத்து ஒட்டுறானுவ, சோத்த மறந்துடுறானுவ.”

மற்ற பத்துப் பேரும் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்போடு அது முடிகிற விஷயமும் இல்லை. ஞாயிறு ஒரு நாள்தான் அவர்களுக்கு லீவு. அந்த ஒரு நாளைப் படத்துக்குக் கொடுப்பதா, தலைக்குக் குளித்துக் காலை நீட்டிப் படுப்பதா என்பதைச் செங்கமலத்தின் வாய்தான் முடிவு செய்யும். அவள் ‘போலாம்’ என்றால் பத்துப் பேரும் கிளம்புவார்கள். ‘வேணாம்’ என்றால் பேச்சே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறுகூட வீணானது கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, வாசலில் உள்ளங்கை அகல முறுக்கு ஒன்று வாங்கிக் கடிக்கப் போனபோது, ஒரு பையன் மைக்கை நீட்டினான். யூடியூப் சேனலாம். “படம் எப்படிம்மா இருக்கு?” என்றான். முறுக்கைத் தின்றுகொண்டே மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வந்தாள். சனிக்கிழமை ஜெயங்கொண்டத்தில் சொந்தத்தில் ஒரு சாவு. போனவள் ஞாயிறு இரவுதான் திரும்பினாள்.

இதற்கிடையில் சனிக்கிழமை மதியம், பட்டறையில் எல்லோருக்கும் இளையவளான சின்னம்மாள் தன் போனில் அந்த வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டாள். சாட்சாத் செங்கமலம்தான், கையில் முறுக்கோடு, “குடும்பத்தோட பாக்கலாம். படம் சூப்பர்,” என்றாள். அவள் வாயால் ‘சூப்பர்’ வருவது ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் போனார்கள். பாப்பாயிக்கு அது ஊரில் கடைசி ஞாயிறு. தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தவள் அதை விட்டுவிட்டு, முட்டிவலியோடு பால்கனிப் படி ஏறி, மூன்று மணி நேரம் வெட்டுக்குத்தைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா,” என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம் என்றார்கள்.

பாப்பாயி போன மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னம்மாள் வேண்டுமென்றே அந்த வீடியோவைச் சத்தமாக வைத்தாள். “சூப்பர் வந்துருக்கு, வழி விடுங்க.”

“குடு இப்படி,” என்று செங்கமலம் போனை வாங்கினாள். அவளுடையது பட்டன் போன்; அந்த வீடியோவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒருமுறை பார்த்தாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். மூன்றாவது முறை சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள்.

“சின்னம்மா, ‘குடும்பத்தோட பாக்கலாம்’னு சொல்றப்ப என் கையில முறுக்கு எவ்ளோ இருக்கு?”

“ஒரு துண்டு.”

“அடுத்தது ‘படம் சூப்பர்’. இப்ப?”

சின்னம்மாள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். “முழு முறுக்கு.”

“தின்ன முறுக்கு எப்படிடி வளரும்?”

 போன் கைமாறிக் கைமாறி ஒன்பது பேரிடமும் போய் வந்தது. கடைசியில் சொன்னதை எடுத்து முன்னால் ஒட்டி, நடுவில் இருந்ததை அந்த மைக் பையன் தூக்கி எறிந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் புரிய வேண்டியவள் திருப்பூரில் இருந்தாள். அன்று மாலை பாப்பாயிக்குப் போன் போட்டதற்கு, குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாள்.

“வுடுக்கா, நாங்க நம்புறோம்ல,” என்றாள் சின்னம்மாள்.

“நீங்க நம்புனா ஆச்சா? எந்த எடத்துல என் பேரக் கெடுத்தானோ அந்த எடத்துலயே அவன் அத நேராக்கணும். அக்கா அதப் பாக்கணும்.”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை செங்கமலம் படத்துக்குப் போகவில்லை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். சேனலில் இருந்த நம்பரை வைத்துச் சின்னம்மாள் விலாசம் வாங்கித் தந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை, அதன் மாடியில் ஓர் அறை. உள்ளே, அன்று மைக்கை நீட்டிய பையன் மரிய ஆல்பர்ட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அவளைக் கண்டதும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“தம்பி, நான் பேசுனத முழுசாப் போடு.”

“அழிச்சுட்டேம்மா. படத்துக்காரங்க நல்லதா நாலு வார்த்த கேட்டாங்க. எல்லாரும் பண்றதுதான்.”

“அப்ப மறுபடி எடு.”

“படமே நாளன்னிக்கு தியேட்டர வுட்டுப் போயிடும்மா. இனிமே யாரு பாப்பா?”

“படம் போவட்டும். என் பேச்சு இன்னும் உன் சேனல்லதான கெடக்கு?”

வேலை இருக்கிறது என்று அவன் கதவைச் சாத்தினான். செங்கமலம் சண்டை போடவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில், செல்போன் கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். என்னம்மா இங்கே என்று கேட்டவரிடம் சொன்னாள். அவர் எந்தப் படம் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அப்படியே அதற்கு முந்தின வாரத்துப் படம், அதற்கும் முந்தின வாரத்துப் படம் என்று பேச்சு வளர்ந்தது. தக்காளி வண்டிக்கு வந்தபோது கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரே ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

“மேல இருக்குற தம்பி இதயெல்லாம் எடுக்க மாட்டேங்குதா?” என்று ஒருவர் உரக்கக் கேட்டார்.

மூன்று மணிக்கு ஆல்பர்ட் இறங்கி வந்தான். முகம் தொங்கியிருந்தது. “வாங்கம்மா. நான் பண்ணது தப்புதான். பேசுங்க, எடுக்குறேன்.”

“ஒரே மூச்சா எடு. நடுவுல நிறுத்தாத.”

பைக்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய முறுக்கை எடுத்தாள். கேமராவுக்கு நேராகப் பிடித்து முழு முறுக்கு என்று காட்டினாள். ஒரு கடி கடித்தாள்.

“படம் சூப்பர். இப்படி எவனாச்சும் சொன்னா அவன என் முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்க. மூணு மணி நேரம் வெட்டுறான், குத்துறான். குத்துனவன் கை கழுவுறதக்கூடக் காட்டல. பாட்டு முடிஞ்சதும் அந்தப் பொண்ணு காணாமப் போயிட்டா, ஒருத்தனும் தேடல. நாலு எடத்துல சோத்துத் தட்டு வருது, ஒரு வாய் திங்கல.” கடைசித் துண்டு கையில் இருந்தது. “குடும்பத்தோட பாக்கலாம். எப்பன்னா, வூட்டுல கரண்டு இல்ல, போக வேற எடம் இல்லன்னா. சிறுவாச்சூர் பாப்பாயிக்கா, நான் அன்னைக்குச் சொன்னது இதுதான். நடுவுல வெட்டியிருந்தா முறுக்கப் பாத்துத் தெரிஞ்சுக்க.”

துண்டை வாயில் போட்டுக்கொண்டு கையைத் தட்டினாள்.

அன்று மாலையே ஆல்பர்ட் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டான். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. சில ஆயிரம் பேர் பார்த்தார்கள். சின்னம்மாள் அதைப் பாப்பாயி மகனின் நம்பருக்கு அனுப்பிவைத்தாள். பார்த்தாயிற்று என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. தீபாவளிக்குச் செங்கமலம் ஒருமுறை போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. பொங்கலுக்கும் எடுக்கவில்லை. அவள் வெள்ளிக்கிழமைகளில் படம் பார்த்தாள், சனிக்கிழமைகளில் தீர்ப்புச் சொன்னாள். பாப்பாயியின் இடத்தில் வேறு ஆள் உட்கார வந்தபோது, “கொஞ்சம் தள்ளிக்க,” என்று மட்டும் சொன்னாள்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, வெங்காய அறுவடை முடிந்து பட்டறை நிறைந்திருந்த நேரம். சின்னம்மாளின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. சின்னம்மாள் கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, போனைச் செங்கமலத்தின் காதில் வைத்தாள்.

“செங்கமலத்துக்கிட்ட குடு சின்னம்மா... ஏ புள்ள, நாந்தான். நாளைக்கு மவனுக்கு லீவு. எல்லாரையும் இந்த வாரம் வந்த படத்துக்குக் கூப்புடுறான். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, சும்மா படியேற முடியாது. நீ பாத்துட்டியா? போலாமா, வேணாமா? அன்னைக்கு மாதிரி வீடியோவுல சொல்லி அனுப்பு. முறுக்கு இல்லாம சொன்னா நான் நம்ப மாட்டேன்.”