வெயிலில் இறுகும் கதவு

செட்டியார்பட்டி தவசிமுத்து புதுக் கதவு செய்யமாட்டார். யாராவது வந்து கேட்டால், "புதுசு செய்ய ஊரு முழுக்க ஆள் இருக்கு, அங்க போங்க" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவார். பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. தேய்ந்த கீல், எட்டாத தாழ்ப்பாள், கறையான் தின்ற சன்னல் சட்டம், காற்றுக்குப் படபடவென்று அடிக்கிற பலகை. உரச்சாக்கில் தைத்த பை ஒன்று. அதற்குள் இழைப்புளி, நாலு உளி, ரசமட்டம், தூக்குக்குண்டு. இராஜபாளையம் முழுக்க அந்தப் பை போகாத தெரு குறைவு.

அவர் வேலை பார்க்கிற விதம் தனி. வீட்டுக்குள் போனதும் பையைத் திறக்கமாட்டார். கதவை முப்பது தடவை திறப்பார், முப்பது தடவை சாத்துவார். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். முதல் பத்துக்கு எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் கத்தும், இருபதுக்கு மேலேதான் கோளாறு எங்கே என்று தெரியும் என்பது அவர் கணக்கு. மம்சாபுரத்தில் வெள்ளத்தாய் என்கிற அம்மாள் பொறுக்கமாட்டாமல், "கதவு பாக்க வந்தீயளா, தொட்டில் ஆட்ட வந்தீயளா?" என்று கேட்டுவிட்டாள். தவசிமுத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் கைபட்ட கதவு திரும்ப அவரைக் கூப்பிடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் ஏழு வீட்டுக் கதவுகள் அவர் கைபட்டவை. ஒரு வீட்டில் சொல்லி அடுத்த வீடு, அங்கே சொல்லி அதற்கடுத்த வீடு என்று வந்த வேலை. அந்தத் தெருவிலேயே எட்டாவது வீடு ஒன்று மூன்று வருஷமாக அவர் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அது நம்பி வீடு. நம்பிக்கு இராஜபாளையத்தில் நூல் மில் ஆபீசில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவர். வாசலில் ஒற்றைக் கதவு, தேக்கு, அவருடைய தாத்தா காலத்தது. ஒரு ஆள் தூக்க முடியாத கனம்.

1991 சித்திரையில் அந்தக் கதவின் இடது மேல் மூலை நிலைச் சட்டத்தில் இடித்தது. தவசிமுத்து வந்து மூலையை இழைத்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் பார்த்தால், இழைத்த இடத்தில் சந்து விழுந்திருந்தது. மறு சித்திரையில் மறுபடி இடித்தது. மறுபடி இழைத்தார். அந்த மழைக்குச் சந்து வழியாக அணில் ஒன்று வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. 1993 சித்திரையில் கதவு ஒரேயடியாக இறுகிவிட்டது. ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் நம்பி பின்வாசல் வழியாக இறங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். அன்றைக்கே ஆள் அனுப்பிவிட்டார்.

தவசிமுத்து வந்தபோது வாசலில் நம்பியோடு கொத்தனார் இருளப்பசாமியும் நின்றுகொண்டிருந்தார்.

"தவசி, உன்மேல எனக்குக் கோபமில்லை," என்றார் நம்பி. "மூணு வருஷம் பார்த்தாச்சு. வைகாசி அஞ்சாம் தேதி இருளப்பசாமி நிலையோட பேத்து எடுத்துடப் போறார். இரும்பு நிலை, இரும்புக் கதவு. சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

இருளப்பசாமிக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க இன்னும் ரெண்டு கோடைக்கு இழைச்சா போதும் அண்ணாச்சி. கதவு சன்னலாயிரும். செலவில்லாம முடிஞ்சிரும்."

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அந்த வாசலில் இரும்புக் கதவு நின்றால், அதைப் பார்க்கிற ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவருக்கு வேலை இல்லை.

நம்பி பக்கம் திரும்பினார். "சாமி, வைகாசி அஞ்சு வரைக்கும் இன்னும் பதினாறு நாள் இருக்கு. அதுவரைக்கும் யாரும் கதவத் தொடக் கூடாது. நானும் இழைக்க மாட்டேன்."

"இழைக்காம என்ன பண்ணுவே?"

"ஏன்னு பாக்கணும்."

"பாத்து?"

"பாக்காமத்தான சாமி கெட்டுது."

"சரி, அஞ்சாம் தேதி வரைக்கும் உனக்கு," என்றார் நம்பி.

தவசிமுத்து சொன்னது வாஸ்தவம். முதல் வருஷம் வந்தபோது அவர் கதவை முப்பது தடவை திறந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் செட்டியார்பட்டி சர்ச்சில் அசனம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பந்தி போய்விடுமே என்ற அவசரத்தில், இடிக்கிற இடத்தை இழைத்துத் தள்ளிவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மறு வருஷம் முதல் வருஷத்து வேலையையே திரும்பச் செய்தார். இது அவருக்கும் அவர் மனைவி ஞானபாக்கியத்துக்கும் மட்டும் தெரியும்.

இப்போது பின்வாசல் வழியாகப் போய், நம்பி வீட்டு நடைக்குள் நின்று கதவை எண்ண ஆரம்பித்தார். இறுகிய கதவு என்பதால் ஒரு சாண்தான் அசைந்தது. இருந்தாலும் எண்ணினார். முப்பது முடிந்ததும் வாசற்படியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் இடது பக்கம் ஓடியது. ரசமட்டம் வைத்தார். குமிழி வலது பக்கம் ஏறி நின்றது.

வாசற்படி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. இடது நிலைக்கால் இறங்க, மேல் சட்டமும் கூடவே இறங்கிக் கதவின் மூலையில் உட்கார்ந்துகொண்டது. கதவில் ஒரு குறையும் இல்லை. குறையில்லாத கதவைத்தான் இரண்டு வருஷமாகச் செதுக்கியிருக்கிறார்.

அடுத்த கேள்வி அதைவிடப் பெரிசாக வந்தது. இறங்கின கால் இறங்கினபடி இருக்கவேண்டியதுதானே? மழைக்கு ஏன் திரும்ப ஏறுகிறது? ஊரில் எல்லாக் கதவும் மழைக்கு ஊதி இறுகும், வெயிலுக்குக் காய்ந்து தளரும். இது மட்டும் ஏன் தலைகீழ்?

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பிசைஞ்சது போதும், அது குழம்பாயிட்டு," என்றாள் ஞானபாக்கியம்.

"நிலைக்கால் ஏறி எறங்குதுட்டி. வருசா வருசம்."

"ஏறி எறங்க அது என்ன பஸ்ஸா?"

"அதான் எனக்கும் தெரியல."

"அன்னைக்கு அசனத்துக்கு அம்புட்டு வேகமா ஓடி வந்தீயளே, அப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்படியும் கடைசிப் பந்திதான் கெடைச்சது."

தவசிமுத்து தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கோபம்.

மறுநாள் வன்னியம்பட்டியில் வேலை. முத்துவீரன் தோட்டத்து மோட்டார் ரூம் சன்னலில் கொக்கி விட்டுப்போயிருந்தது. மழை பார்த்து ஐந்து மாசமான கரிசல் காடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொக்கியை மாட்டிக்கொண்டிருக்கும்போது அரை அங்குல உளி கை நழுவி ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டார். முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று, உளி தட்டுப்படவில்லை.

முத்துவீரன் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். "விடுங்க அண்ணாச்சி. மழை பெஞ்சா மண்ணு ஊதி வாயை மூடிக்கிடும். உங்க உளி அடுத்த கோடைக்குத்தான் கெடைக்கும்."

தவசிமுத்து படுத்தபடியே கேட்டார். "ஊதுமா?"

"கரிசல்னா ஊதத்தான் செய்யும். இந்த ரூம் கதவையே பாருங்களேன். வாய்க்கால்ல தண்ணி போனா லேசாத் தெறக்கும். நாலு வாரம் மோட்டார் ஓடலைன்னா ஒதைச்சுத்தான் தெறக்கணும்."

தவசிமுத்து எழுந்து சட்டையைக்கூடத் தட்டவில்லை. மோட்டார் ரூம் கதவைப் போய்ப் பார்த்தார். வாய்க்கால் பக்கத்துக் காலின் கீழே மண் காய்ந்து, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்தார். உளியை மறந்தே போனார்.

அங்கிருந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர். நம்பி மில்லுக்குப் போயிருந்தார். அவர் மனைவி அரவிந்தவல்லி, கரிசல் மண் ஒட்டிய சட்டையோடு வந்து நிற்கிறவரைப் பார்த்து, "எங்கேயாவது விழுந்துட்டேளா?" என்றாள்.

"அது கெடக்கட்டும் மாமி. இந்த வீட்டுக்கு அடியில என்ன மண்ணு?"

"மேலே செம்மண் கொட்டியிருக்கு. ரெண்டடி தோண்டினா கரிசல்தான். கிணறு வெட்டினப்போ பார்த்திருக்கேன்."

"வாசலுக்கு இடது பக்கம் முன்னால தண்ணி விழுந்துச்சா? குழாய், தொட்டி, ஏதாவது?"

"குழாயெல்லாம் இல்லை. அங்கே துளசி மாடம்தான் இருந்தது. காலம்பற ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் நான்தான் விடுவேன்."

"இப்ப எங்க?"

அரவிந்தவல்லி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் கணவர் இல்லாவிட்டாலும். "தொண்ணூறுல இவர் ஸ்கூட்டர் வாங்கினார். வண்டி ஏறணுமேன்னு அந்த இடத்துல சிமெண்டுச் சரிவு போட்டார். துளசி பின்கட்டுக்குப் போயிடுத்து. எனக்கு இஷ்டமே இல்லை. யார் கேக்கறா?"

தொண்ணூறில் சரிவு போட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்று சித்திரையில் கதவு இறுகியிருக்கிறது. எத்தனையோ வருஷமாக ஈரத்திலேயே இருந்த மண்ணின் வாயைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். வெயிலுக்கு மண் சுருங்கியது, மேலே நின்ற கால் இறங்கியது. ஐப்பசி அடைமழையில் தெருவெல்லாம் ஊறி ஈரம் அடியில் போய்ச் சேர்ந்தால் மண் ஊதிக் காலைத் தூக்கியது. கதவு பழுது பார்க்கிறவரிடம் துளசி மாடத்தைப் பற்றி யார் சொல்வார்கள்? இவரும் கேட்கவில்லை. சர்ச்சுக்குப் போகிற ஆளுக்கு அது தோன்றவுமில்லை.

சரிவில் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்தார். "மாமி, இந்தக் குழியில முன்ன மாதிரியே தண்ணி விடுங்க. முதல்ல நாலு நாளைக்கு ரெண்டுக்கு நாலு குடமா விடுங்க."

சாயங்காலம் வந்து குழியைப் பார்த்த நம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "கதவைப் பாருய்யான்னா என் சரிவை உடைச்சிருக்கே!"

"அஞ்சாம் தேதி வரைக்கும் எனக்குன்னு சொன்னீயள்ல சாமி. கதவு தெறக்கலைன்னா நானே சிமெண்டு பூசிட்டு, இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

அதிலிருந்து தினமும் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவார். கையில் இருக்கிற பஸ் டிக்கெட்டைக் கதவின் மேல் மூலைக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பார். நுழையாது. டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள். குடிக்கிற தண்ணீரைக் குழியில் கொட்டுகிறார்களே என்று எதிர்வீட்டில் முணுமுணுத்தார்கள். இருளப்பசாமி அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம், "கதவு மொளைச்சிருச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் டிக்கெட்டின் ஓரம் நுழைந்து நின்றது. தவசிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் பாதி டிக்கெட் போயிற்று. பதின்மூன்றாம் நாள் டிக்கெட்டை நாலாக மடித்து நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போய் உள்பக்கம் விழுந்தது. நடையில் நின்ற அரவிந்தவல்லி அதை எடுத்துப் பார்த்தாள்.

"திறக்கறதா?"

"நீங்களே தெறங்க மாமி. ஒத்தை விரல் போதும்."

அவள் தாழ்ப்பாளில் ஒரு விரலை மாட்டி இழுத்தாள். கதவு ஒரு முனகல் இல்லாமல் சுவர் வரைக்கும் போய்ச் சாய்ந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்னா, இங்கே வாங்கோ! உங்க ஸ்கூட்டரா, என் துளசியான்னு கதவே சொல்லிடுத்து!"

நம்பி வந்து கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். குழியை எட்டிப் பார்த்தார். "தண்ணி விட்டதுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வைகாசி அஞ்சாம் தேதி இருளப்பசாமி கடப்பாரையோடு வந்தார். அவருக்கும் வேலை போகவில்லை. இடது பக்கத்துச் சரிவை உடைத்து, வலது பக்கத்தில் வேறு போட்டார். அந்தப் பக்கம் குறுகல் என்பதால் ஸ்கூட்டரை இனிமேல் இறங்கித்தான் தள்ளவேண்டும். துளசி மாடம் பழைய இடத்துக்கு வந்தது.

தவசிமுத்துவுக்குத்தான் வேலை முடியவில்லை. நிலை நேரானதும், அவர் இழைத்துத் தள்ளிய இடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அணில் வந்து போகிற சந்து. வீட்டில் கிடந்த தேக்குத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஆப்பு மாதிரி சரிவாகச் சீவி, மேல் மூலையில் ஒட்டி மரமுளை அடித்தார். பழைய கதவு கறுப்பு, ஒட்டுத் துண்டு வெளுப்பு. தெருவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

"வார்னிஷ் அடிச்சுட்டா தெரியாது," என்றார் நம்பி.

"வேண்டாம் சாமி. அது கதவோட குறை இல்ல, நான் செஞ்சது. தெரியட்டும்."

"கேக்கறவாளுக்கு நான் என்ன சொல்ல?"

"அசனச் சாப்பாட்டுக்கு ஓடுனவன் செஞ்ச வேலைன்னு சொல்லுங்க."

நம்பிக்கு அது புரியவில்லை. தவசிமுத்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறு வருஷம் சித்திரையில், நல்ல வெயிலில், யாரும் கூப்பிடாமலே அவர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். துளசிக்கு விட்ட தண்ணீர் சுவரோரம் ஊறிக் கறுத்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார், சாத்தினார்.

சத்தம் கேட்டு அரவிந்தவல்லி வந்தாள். "என்ன தவசி, மறுபடி கோளாறா?"

அவர் பதினேழில் இருந்தார். அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.