பெண்களுக்குத் தனி கம்ப்யூட்டர் வகுப்பாம்!

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிளஸ் ஒன் படித்த என் மகள் சுதாவை, 'பெண்களுக்குத் தனி வகுப்பு' என்ற போர்டை நம்பி தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தேன்.

ஒருநாள் மழை பிடித்துக்கொள்ளவே, குடையுடன் அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பிப் போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் பையன்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களோ வெளியே ஹாலில், அட்டையில் வரைந்த கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து இரண்டு மாதமாகியும் சுதா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையாம். வீட்டில் சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று பயந்தாளாம்.

"என்ன சார் இது?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போற பொண்ணுங்களுக்கு இது போதும் மேடம். தொட்டு ஏதாவது ரிப்பேர் ஆயிட்டா?"

"பசங்க தொட்டா ஆகாதா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. சுதாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், காலியாக இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

"மேடம், செருப்போட உள்ளே வராதீங்க!" என்று மாஸ்டர் கத்தினார். நான் நகரவில்லை. மற்ற பெண்களும் அட்டையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்தப் பெண் கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பினாலும், வகுப்பு நடக்கும் நேரத்தில் நானும் கூடப் போகிறேன். பெண்களின் விரல் நிஜக் கீபோர்டில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் சேர விடுவதில்லை.