டெலானிபூரில் வாங்கிய சுவர்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கப்பல் போர்ட் பிளேயரின் சாத்தம் துறையில் நின்றது. மதராஸை விட்டு நாலாவது நாள். இறங்கியதும் பக்கத்து மர அறுப்பு ஆலையிலிருந்து ஈர மரத்தின் வாசம் வந்தது. என் கைப்பெட்டியில் மூன்று சேலைகளும் ஒரு மங்கலான புகைப்படமும் இருந்தன.

பம்பு செட் தயாரிக்கும் ஒரு மதராஸ் நிறுவனத்தில் நான் விளம்பர அதிகாரி. எழுபதுகளின் தொடக்கம் அது. மவுண்ட் ரோட்டில் எங்களுக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. உயிரோடிருக்கும் ஓவியர்களின் படங்கள் மட்டுமே அங்கே இருக்க வேண்டும் என்று தலைவர் முடிவு செய்து, வாங்கும் வேலையை என்னிடம் விட்டார். பம்பாய், பரோடா, கல்கத்தா என்று அலைந்து மாடிப் படிகள்வரை படங்களால் நிரப்பிவிட்டேன். வாசலுக்கு நேரெதிரான பெரிய சுவர் மட்டும் காலியாகவே கிடந்தது. "ஒரு நல்ல காலண்டரை மாட்டிட்டு ஆளை விடுங்க" என்று இயக்குநர் ஒருவர் கூட்டத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. போர்ட் பிளேயரில் எங்கள் பம்புகளை விற்கும் காசிம் பாய் அந்த வாரம்தான் ஒரு வீட்டுச் சுவரைக் காட்டும் அந்தப் புகைப்படத்தை அனுப்பினார். இது படமா என்று தனக்குத் தெரியாது, ஆனால் பார்த்தால் நகர மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

துறைக்கு அவரே வந்திருந்தார். அந்தச் சுவர் இருந்த டெலானிபூர் மேடு அங்கிருந்து இரண்டு மைல்; டாக்சிக்கு மூன்று ரூபாய்.

"பம்பு விக்க வருவாங்க, மரம் வாங்க வருவாங்க. சுவரு பாக்கக் கப்பலேறி வந்தது நீங்கதான் மேடம்" என்றார்.

தகரக் கூரை போட்ட அரசாங்க மர வீடு. கதவைத் திறந்தவர் மரகதம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கணவர் வனத்துறையில் குமாஸ்தா; அன்று அவரும் வீட்டில் இருந்தார். முன்னறையின் பலகைச் சுவர் முழுவதும், ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை, கோடுகள். படகுக்கு அடிக்கும் பெயிண்ட்டில் இழுத்தவை. தடித்தும் மெலிந்தும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும் ஓடின. இடையிடையே பூச்சு இல்லாத சிவந்த மரம் அப்படியே தெரிந்தது.

"இதெல்லாம் என்னம்மா?"

"நாள் முழுக்க காதுல விழுற குரலுங்க மேடம். இந்தப் பழுப்பு, வடக்க தூரத்துல இருக்கிற திக்லிபூர். அங்கயிருந்து பேசினா கரகரன்னுதான் வரும். இந்த மஞ்ச, ஒரு பெங்காலிப் பொம்பள. மவன் மெயின்லேண்டுல பாஸாயிட்டான்னு கேட்டதும் போட்ட சத்தம்."

நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். பிறகு, "இதை வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

மரகதம் சிரித்துவிட்டார். "சுவத்தையா? இவுகளுக்கு திக்லிபூருக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டு. செவ்வாய்க்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுதோம். மறுநாளே ஆளுங்க வந்து பச்சை பெயிண்ட் அடிச்சிருவாங்க. அதுக்கு முன்ன நீங்க ஒருத்தராவது பாத்தியளே, போதும்."

"எனக்குப் போதாது" என்றேன்.

"நிசமாவே கேக்கியளா? அப்பம் ரெண்டு விசயம். ஆபீசர் ரூமுக்குள்ள பூட்டி வைக்கப்பிடாது, பியூன்லேந்து எல்லாரும் பாக்கணும். கீழ என் பேரு இருக்கணும். இன்னாரு பொஞ்சாதின்னு இல்ல, என் பேரு."

இரண்டுக்கும் சம்மதித்தேன். மற்ற ஓவியர்களுக்குக் கொடுத்த அதே விலையையும் சொன்னேன். தொகையைக் கேட்டதும் கணவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, குவார்ட்டர்ஸுக்குப் பொறுப்பான பொறியாளரின் அலுவலகம். தஞ்சாவூர்க்காரர்.

"படம் அந்த அம்மாவோடது, எடுத்துக்குங்கோ. சுவர் சர்க்காரோடது, அதை விட்டுட்டுப் போங்கோ."

"சுவரை விட்டால் படம் எப்படி சார் வரும்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லையே!"

காசிம் பாய் இடையில் புகுந்தார். "சாப், பழைய பலகையை எடுத்த அன்னிக்கே புதுப் பலகை ஏத்தித் தர்றேன். பக்கா படாக் மரம். நீங்களே வந்து தட்டிப் பாருங்க."

பொறியாளர் கூரையைப் பார்த்து யோசித்தார். "ஞாயித்துக்கிழமை. இருட்டறதுக்குள்ள சுவர் நிக்கணும். இல்லேன்னா அந்த அம்மாவையும் சேர்த்து மூணு பேரும் எனக்குப் பதில் சொல்லணும்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கே மேட்டில் கூட்டம். தெலுங்குத் தச்சர் இருவர், அடுத்த வீட்டு மலையாளி நர்ஸ், பெங்காலி வாத்தியார், காசிம் பாயின் கடை ஆட்கள். பலகைகளின் பின்புறம் சாக்கட்டியால் எண் போட்டோம். ஆணிகள் துருவேறியிருந்தன, ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வெளியே வந்தது. "தீரே, தீரே!" என்று, மெதுவாக எடுக்கச் சொல்லி, தச்சரைவிட அதிகமாக வாத்தியார்தான் கத்தினார். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. யாரும் சொல்லாமலே வீடுவீடாகத் தார்ப்பாயும் பாயும் வந்தன. நர்ஸ் தன் படுக்கை விரிப்பையே உருவிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பலகைகூட நனையவில்லை.

மூன்று மணிக்கு வானம் வெளுத்தது. கீழே பந்தாட்ட மைதானத்தில் தார்ப்பாய்களை விரித்து, பலகைகளை எண் வரிசையில் பரப்பினோம். மரகதம் சுவரில்லாத தன் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அத்தனை உயரத்திலிருந்து அவர் தன் படத்தைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏ யம்மா! இவ்வளவு பெரிசாவா போட்டிருக்கேன்?"

தச்சர்கள் புதுப் பலகைகளில் கடைசி ஆணியை அடித்து முடித்த ஐந்தரைக்குப் பொறியாளர் வந்தார். புதுச் சுவரை மூன்று இடத்தில் தட்டினார். "பழசைவிட நன்னாவே இருக்கு." பிறகு மைதானத்துக்கு இறங்கி, படத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். "மெட்ராஸ்ல மாட்டினதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கோ" என்று மெல்லச் சொன்னார்.

மதராஸில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படம் வாசலுக்கு நேரெதிரே ஏறியது. அடியில் மரகதம் என்ற பெயர். முதல் நாள் மதியம் தொழிற்சாலையிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் வந்து பார்த்தார்கள். காலண்டர் இயக்குநர் தன் விருந்தாளிகளை முதலில் அழைத்துப்போனது அதன்பிறகு அந்தச் சுவருக்குத்தான். "நாங்கள் தேடிப் பிடித்தது" என்பார். சொல்லிக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. மெயின்லேண்டிலிருந்துதான் இந்தத் தீவுகளுக்கு எல்லாம் வரும்: அரிசி, சிமென்ட், சினிமாப் பெட்டி, மாற்றல் உத்தரவு. மரம் தவிர இங்கிருந்து எதுவும் போய் நான் கேள்விப்பட்டதில்லை. அன்று மரத்தோடு வேறொன்றும் போனது. அதை வழியனுப்ப டெலானிபூர் மேடே துறையில் நின்றது. ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை, கல்யாண வீட்டுக் கூச்சல்தான்.

கயிறு அவிழ்ந்து கப்பல் விலகியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரகதம் விளிம்புவரை ஓடிவந்தார். நாலு நாளாக மேடம் என்று அழைத்தவர், இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"அக்கா! திக்லிபூர் வீட்டுல நாலு சுவரு இருக்காம்!"