இரண்டு நிமிட நோட்டீஸ்

மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடை ஊரில், நெல் மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டுச் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் குந்தவை. அப்பா சாமிதுரை ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர், மகள் இன்ஜினியர். இனி அவள் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அடங்கல் என்கிற, கையால் எழுதிய பழைய நிலக் கணக்குப் பக்கங்களைப் படிக்க ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பழக்குவது அவள் வேலை. அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் போதாது. ஜி.பி.யூ என்கிற தனிச் சிப் உள்ள மிஷின் வேண்டும், அது எங்கோ கிடக்கும், இணையம் வழியாகக் கிளவுடில் வாடகைக்கு எடுக்க வேண்டும். கம்பெனி எடுத்துக் கொடுத்ததோ ஸ்பாட் மிஷின். பிறர் எடுக்காமல் மிச்சம் கிடப்பது, வாடகை குறைவு. முழு வாடகைக்காரர் வந்துவிட்டால் இரண்டே நிமிட நோட்டீஸில் பிடுங்கிக்கொள்வார்கள். அப்படி இரண்டு தடவை பாதியில் பறிபோய், பழக்கியதெல்லாம் வீணானது.

மேலாளர் ராஜராஜன் போனில் சொன்னார்: “வயக்காட்டுல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் ஆகாதும்மா. சென்னைக்கு வந்துடுங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

குந்தவைக்குச் சுருக்கென்று தைத்தது. “வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாத ஊரில் பிறந்தவளுக்கு ஸ்பாட் மிஷின் என்ன புதுசா? வரும்போதே தேக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கற்றதைச் சேமிக்கவும், மிஷின் போனால் வேறெங்கு கிடைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரவும் எழுதித் திங்கட்கிழமை ஓடவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் வேலை கால்வாசிகூட நகரவில்லை. ராஜராஜன் மிஷின் ஓடிய பதிவுகளைப் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தார். “யாரும் பிடுங்கலம்மா. ஆறு மணி நேரம் ஆனா நீங்களே மிஷினை விட்டுக்குடுத்துட்டு, அரை நாள் காத்துக்கிட்டு இருக்கீங்க.”

உண்மைதான். முறைத்தண்ணீர் நினைப்பிலேயே எழுதியிருந்தாள். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த வயலுக்கு விடுவது ஊர் வழக்கம். கிளவுடில் அப்படி விட்டுக்கொடுக்கிறவர் யாருமில்லை. முகம் காந்தியது. ஊர் வழக்கத்துக்காக அவள் வெட்கப்படவில்லை, அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

மிஷினை விட்டுக்கொடுக்கச் சொன்ன நான்கு வரியை நிரலிலிருந்து அழித்தாள். அப்புறம் ஏழு தடவை மிஷின் பறிபோனது, ஏழு தடவையும் நிரல் வேறொன்றைப் பிடித்துத் தொடர்ந்தது. வியாழன் மதியம் பக்கம் பக்கமாகப் பட்டாதாரர் பெயர்களைப் பிழையில்லாமல் படித்துக் காட்டியது. தாத்தா கூலிக்கு உழுத வயல்களும் அதில் வந்தன. தாத்தாவின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பக்கங்களை மிஷினைப் படிக்க வைத்தவள் அவர் பேத்தி என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ராஜராஜன் கூப்பிட்டார். “பிரமாதம்மா. அடுத்த வாரம் சென்னை வந்து நம்ம டீமுக்கு இதைச் சொல்லிக்குடுங்க.”

“அவங்களை இங்க அனுப்புங்க சார்” என்றாள் குந்தவை. “வயக்காட்டுல உக்கார நிறைய இடம் இருக்கு.”