படத்துப் பெண்சாதியின் கால்

என் புருஷன் படத்தில் நடித்துவிட்டார் என்று எங்கள் தேயிலைத் தோட்டமே பெருமைப்பட்டது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

ஹட்டனிலிருந்து வந்த சில இளைஞர்கள் எடுத்த படம் அது. நல்லதண்ணிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். எரிந்துபோன மன்மதனுக்காக ரதி வேஷத்தில் இவர் ஒப்பாரி வைத்ததைப் பார்த்துவிட்டு, இவர்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். கதையில் இவருக்குத் தீராத நோய். நாள் நெருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இத்தனை காலம் எதற்காக வாழ்ந்தோம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். பெண்சாதியாக நடிக்க என்னைக் கேட்பார்கள் என்று நான் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் வட்டகொடையிலிருந்து ஒரு டீச்சரைக் கூட்டி வந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது மழைக்கு இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைக் கட்டக்கூடத் தெரியாதவள். அதையும் நான்தான் கட்டிவிட்டேன்.

படத்தைக் கோவில் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். டீச்சர் கொழுந்து பறித்துவிட்டு மழையில் நனைந்து வருகிறாள். வரிசை வீடுகளான லயத்து வாசலில் இவர் குந்தி, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். கடிவாயில் சுண்ணாம்பு தடவுகிறார். இத்தனை வருஷமாக இந்தக் காலைப் பார்க்காமலே இருந்துவிட்டேனே என்று அழுகிறார். மண்டபமே மூக்கைச் சிந்தியது. பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து, நீ கொடுத்து வைத்தவள் என்றாள். பாவி.

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அட்டைக்கு இரத்தம் கொடுப்பவள் நான். இரத்தம் வடிய வந்து நின்றால், தேத்தண்ணி ஊற்று என்பதுதான் எனக்கு இவர் பேசும் வசனம். அவள் காலில் இருந்தது அட்டைகூட இல்லை, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன், இந்தக் காட்சியை யோசித்தது யார் என்று. தான்தான் என்றார். சாகப்போகிறவன் என்ன செய்ய ஆசைப்படுவான் என்று அந்தத் தம்பிமார் கேட்டார்களாம். இவர் யோசிக்காமல் இதைச் சொன்னாராம்.

எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் காலுக்கு வந்த ஆசையை அனுபவித்தது டீச்சரா?

"ஏன் இவ்வளவு நாளும் செய்யல?"

"லயத்துல எல்லாரும் பாப்பாங்க புள்ள. பொண்டாட்டி காலப் புடிக்கிறான்னு சிரிப்பாங்க. சாகப்போறவனப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

"எங்காலத் தொட ஒங்களுக்குச் சாவு வரணுமா?"

வாசலில் ஆட்கள் இன்னும் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் குந்தினார்.

"டீச்சர் காலத் தூக்குனத விட மெதுவாத் தூக்குங்க," என்றேன்.