தெரேஸ்புரம் கரையில் ஒரே மீனுக்கு இரண்டு விலை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எட்டு மாத மகள் மித்ரா இப்போதுதான் உறங்கினாள்.

நேற்று தூத்துக்குடி போனது என் ஆராய்ச்சிக்காக. ஏலத்தில் ஒருவர் குறைத்துக் கேட்கிறார். சரக்கு அவருக்கு அவ்வளவுதான் பெறுமா, அல்லது மற்றவர்கள் அதிகம் கேட்கமாட்டார்கள் என்ற கணிப்பா? அடுத்தவர் மனத்திலுள்ள விலை யாருக்கும் தெரியாது. வாய்விட்டுக் கேட்ட விலைதான் நம் கையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் இரண்டையும் பிரிக்க வழி காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் என் வழிகாட்டி.

திருநெல்வேலியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தெரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமோ, மீன் வாடை ஒத்துக்கொள்ளுமோ என்று வழியெல்லாம் எனக்குப் பதற்றம். அவளோ கடலைக் கண்டதும் கை தட்டினாள்.

அன்று சீலா மீனுக்குக் காதில் சொல்லும் ஏலம். ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் விலை சொல்லலாம், அதுவும் ஏலக்காரர் காதில். பிறகு அவர் எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார்; அதிகம் சொன்னவருக்கு மீன். படகுக்காரர் சூசை அண்ணாச்சியின் முதல் கூடைக்கு நான்கு பேர்; அவர்களில் இருவர் காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகள். ஹோட்டல்களுக்கு மீன் கொடுக்கும் செல்வி அக்கா கிலோ எண்ணூறு சொன்னார்; அந்தப் பாய்மாரில் ஒருவர் எண்ணூற்று இருபதுக்கு எடுத்துவிட்டார். இரண்டாம் கூடை இறங்குவதற்குள் பாய்மார் இருவரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள். வந்த நாள் சரியில்லை என்று நொந்துகொண்டேன். மிச்சமிருந்த இருவரில் செல்வி அக்கா எழுநூறுக்கு எடுத்தார்.

"ஏளா செல்வி, அரை மணி நேரத்துல மீனுக்கு வயசாயிட்டோ?" என்றார் அண்ணாச்சி.

"மீனு அதேதான் அண்ணாச்சி. பாய்மாரு இல்லேல்லா! நான் எதுக்குக் கூடச் சொல்லணும்?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒரே படகு, ஒரே மீன். தொழுகை மாற்றியது போட்டியை மட்டும்தானே?

"அக்கா, வெள்ளிக்கிழமைன்னா ஹோட்டல்ல குறைச்சுத் தருவாங்களா?"

"என்னைக்கும் ஒரே வெலதான். ஏன் கேக்க?"

அப்படியானால் இறங்கிய நூறு ரூபாய் முழுவதும் கணிப்பு! மித்ராவைத் தூக்கிச் சுற்றினேன். அவளும் சிரித்தாள், கூடையைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளி பாய்மாரு தொழுதுட்டு வந்த பொறவுதான் கூடைய எறக்குவேன், பாத்துக்க!"

ஐயோ அண்ணாச்சி, அப்படிச் செய்தால் என் ஆராய்ச்சி என்னாவது!

போகிறவர்கள் வெள்ளியன்று பதினொன்றரைக்குள் கரையில் இருங்கள். குழந்தைக்குத் தொப்பியும் மாற்றுடையும் அவசியம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஒரு கரையில் பார்த்த ஒரு வெள்ளியை வைத்து வழிகாட்டியைச் சம்மதிக்கவைக்க முடியாது. வேறு கரைகளில் இப்படித் தொழுகைக்கு முன்னும் தொழுகை நேரத்திலும் ஒரே மீன் ஏலம் போனதைப் பார்த்திருந்தால், இரண்டு விலைகளையும் எழுதுங்கள். நாளை இரவுக்குள் பதில் போடுங்கள்.