தொட்டி நிரம்பிய பிறகும் ஓடிய மோட்டார்

வெயிலில் வெந்து கிடக்கும் சிமெண்டுத் தரையில் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசனை எழும்புமே, மண்ணும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல், இன்னொரு தடவை மூச்சை இழுத்து மோந்து பார்க்கச் சொல்லும் வாசனை, நான் ஆறாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எனக்கு அந்த வாசனையாகத்தான் நினைவில் இருக்கிறது. கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், எங்கள் மொட்டைமாடித் தொட்டி மட்டும் நிரம்பி, "ஓவர்ஃப்ளோ" குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதன் அடியில் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு, என்னிடம், "உங்க பெரிம்மாவுக்கு இன்னா தாராள மனசுடி!" என்பார்கள்.

எனக்கு அது தாராள மனசாகப் படவில்லை. பல் விளக்கும்போது குழாயை மூடாமல் விட்டால் முதுகில் ஒன்று வைக்கிறவள் என் பெரியம்மா. அப்படிப்பட்டவள், தொட்டி வழிந்து தெரு நனைந்த பிறகும் மோட்டாரை ஏன் ஓட விடுகிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் எனக்கு "சிஐடி" என்று பெயர்.

கீழ்வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் நாங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் நான் பாதி நேரம் கீழேதான் கிடப்பேன். பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றி "காயில்" கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தார். கல்லீரலில் புற்றுநோய், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துக் கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர்கள் அப்பாவிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே எங்கள் மாடிக் கூடத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி, பெரியப்பாவிடம் அது வெறும் மஞ்சள் காமாலை என்று சொல்வதென முடிவெடுத்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, விரலை ஆட்டி ஒரு சட்டமும் போட்டாள்: "எங்க அண்ணன் முன்னாடி ஒருத்தரும் மூஞ்சத் தொங்கப் போடக் கூடாது, கண்ணு கலங்கக் கூடாது, ஆமா."

அதற்குப் பிறகு கீழ்வீடு ஒரு நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தையும் மாற்றிக்கொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக உள்ளே போய், "இன்னா அண்ணாத்தே, எப்ப பட்டறைய தொறக்கப் போற?" என்பார்கள். எல்லோரையும் விட நன்றாக நடித்தவள் பெரியம்மாதான். சிரிப்பாள், கிண்டல் செய்வாள், எதிர்வீட்டுச் சண்டையைக் குரல் மாற்றிப் பேசிக் காட்டுவாள். இவளுக்கு இரும்பு நெஞ்சு என்று சொந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது.

ஒரு மத்தியானம், மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும், துப்பறிந்தே தீருவது என்று வீட்டின் பின்பக்கம் போனேன். எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகிற "கம்ப்ரசர்" மோட்டார். அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது, தலை ஆடியது, கை தொடையில் தட்டியது. மோட்டார் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பாடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். மோட்டாரை அணைத்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவளிடம், "இன்னா பாட்டு பெரிம்மா?" என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "ஆமாண்டி, பாட்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாரத்துக்கு ஒருமுறை, இப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு அறக்கட்டளையிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு நர்ஸ் வருவார். நாங்கள் "சிஸ்டர்" என்போம். வலியைக் கேட்பார், மாத்திரையைப் பார்ப்பார், முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அத்தோடு எழுந்து போய்விடாமல், "நேத்து என்ன கனவு கண்டீங்க?", "யார் வந்தா உங்களுக்குப் புடிக்கல?" என்றெல்லாம் கேட்பார். இரண்டாவது கேள்விக்குப் பெரியப்பா வெகுநேரம் உற்சாகமாகப் பதில் சொல்வார். என்னைப் போலவே இன்னொரு மூக்கை நுழைக்கிற ஆள் கிடைத்ததில் எனக்கு சிஸ்டரை மிகவும் பிடித்துப் போயிற்று. போகும்போது பெரியம்மாவிடமும், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்பார். "எனக்கு இன்னா சிஸ்டர், நான் நல்லாத்தான் கீறேன். அவரப் பாருங்க" என்பாள் பெரியம்மா. சிஸ்டர் தலையாட்டுவார். ஆனால் உடனே கிளம்ப மாட்டார்.

இதற்கிடையில் பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்துச் சற்று நேரமானதும், இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி, "ஏய், மோட்டார நிறுத்து!" என்று கத்துவார். யாராவது பின்பக்கம் ஓடிப்போய்க் கொட்டகைத் தகரத்தில் ஓங்கித் தட்டுவோம். சத்தம் அவருக்கு ஆகவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தோம். அப்பா பாசக்காரர், அண்ணன் கேட்டு எதையும் மறுக்காதவர். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு "ஆட்டோமேட்டிக்" பெட்டியை வாங்கி வந்து மாட்டிவிட்டார். அண்ணனுக்கு நிம்மதி, கரண்டும் மிச்சம் என்று அவருக்குப் பெருமை. குடம் வைத்துப் பிடித்த பெண்களுக்குத்தான் வருத்தம்.

ஆனால் அதற்குப் பிறகுதான் வீடே ஒரு மாதிரி ஆயிற்று. பெரியம்மா ரசத்தில் சர்க்கரையைப் போட்டாள். பற்ற வைக்காத அடுப்பின் முன்னால் கரண்டியோடு நின்றாள். நாடகம் மட்டும் நடந்தது, ஆனால் நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவள் சிரிக்க ஆரம்பிப்பாள். பெரியப்பாவோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எதைக் கொடுத்தாலும் "வாணாம்" என்றார். "நோவு ஏறிப் போச்சு" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். வலி மருந்தைக் கூட்டித் தரச் சொல்லி அப்பா சிஸ்டரிடம் கேட்டார்.

சிஸ்டர் எல்லோரையும் வெளியே அனுப்பினார். மேசைக்கு அடியில் சோழி விளையாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் பெரியப்பா, "அது இருக்கட்டும் சிஸ்டர். தொரத்துனா ஜன்னலாண்ட வந்து நிக்கும்" என்றார்.

"வலி இல்லன்னு சொல்றீங்க. அப்போ எதுங்க உங்களைச் சாப்பிட விடல?" என்று கேட்டார் சிஸ்டர்.

பெரியப்பா சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பிப் படுத்தார். பிறகு, "என் தம்பிகிட்ட சொல்லி அந்த ஆட்டோமேட்டிக் பொட்டிய கழட்டச் சொல்லுங்க" என்றார்.

"சத்தம் ஆகலன்னு நீங்கதானே கத்துனீங்க?"

"சத்தமா? நான் மோட்டார் சத்தத்துலயே சோறு துன்னவன் சிஸ்டர். தொட்டி ரொம்பி தெருவுல தண்ணி ஊத்துறது இங்க படுத்துகினு கீற எனக்குக் கேக்காதா? ரொம்புன தொட்டிக்கு அவ எதுக்கு மோட்டார் போடுறா? அங்க குந்திகினு அழுவுறா. அழுதது போதும், எய்ந்து வாடின்றதுக்குத்தான் நிறுத்துன்னு கத்துவேன். இப்ப பொட்டி வந்து டக்குனு நிறுத்திடுது. அவ எங்க போய் அழுவா?"

"அப்போ உங்களுக்கு என்ன நோய்னு தெரியுமா?"

"பாக்க வர்றவன்லாம் ஹார்லிக்ஸ குடுத்துட்டு என் மூஞ்சப் பாக்காம காலப் பாத்துகினு பேசுறான். காமாலைக்கு எவனாவது அப்டிப் பேசுவானா? எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சிகினு கீறா. தெரியும்னு சொன்னா ஒடஞ்சி பூடுவா சிஸ்டர்."

"அவங்க ஏற்கெனவே உடைஞ்சுதான் இருக்காங்க" என்றார் சிஸ்டர். "தனியா."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சரோ" என்று கூப்பிட்டார். பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே சிரிப்பை மாட்டிக்கொண்டு வந்து, "இன்னாங்க, எதுனா வோணுமா?" என்றாள்.

"ஒண்ணியும் வாணாம். எனக்கு எல்லாம் தெரியும் சரோ. இங்க வந்து குந்து. அழுவணும்னா இங்கயே அழு."

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கொட்டகையில் நான் கண்ணால் மட்டும் பார்த்ததன் சத்தம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தை பதறி ஓடிவந்து, "ஐயோ அண்ணி, அண்ணன் முன்னாடியா!" என்று அவள் வாயைப் பொத்தப் போனாள். சிஸ்டர் அத்தையின் கையைப் பிடித்து, "விடுங்கம்மா" என்று சொல்லி, என்னையும் சேர்த்து வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

அதனால் நோய் நின்றுவிடவில்லை. ஆனால் பெரியப்பா மறுபடி கஞ்சி குடித்தார். பெரியம்மா ஊட்டிக்கொண்டே அழுவாள், அவர், "மூக்கத் தொடச்சிக்க, கஞ்சில வுழுது" என்பார். பட்டறையை யாருக்கு விடுவது, தனக்குப் பிறகு எந்தச் சொந்தக்காரனை வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்பதையெல்லாம் இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தே பேசி முடித்தார்கள். பார்க்க வந்தவர்கள்தான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் திண்டாடினார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஏரியை எட்டிப் பார்க்க இப்போது ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டும். நான் பூந்தமல்லி பக்கம் நூம்பலில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன், பெரியம்மா என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் லிஃப்டில் சாத்துக்குடிப் பையும் தயார் செய்த சிரிப்புமாக யாராவது ஏறும்போதெல்லாம், அன்று சாத்திய கதவுக்குப் பின்னால் அவர்கள் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்வி எனக்குள் அரிக்கும். கதவில் காதை வைத்தும் அன்றைக்கு முணுமுணுப்புதான் கேட்டது. போன மாதம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"இன்னும் இந்த சிஐடி வேலய உடலியா நீ?" என்றாள். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். "பெருசா ஒண்ணியும் பேசல. பயமா கீதான்னு கேட்டேன். கீதுன்னாரு. எனக்குந்தான்னேன்."

"அப்புறம் பயம் போச்சா பெரிம்மா?"

"அது எங்கடி போவும்? அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து பயந்தோம்."